இரண்டு கண்ணும் சமமாக உழைக்கின்றனவா?

ஒரு குழந்தைக்கு இரண்டு கண்ணும் மங்கலாக இருந்தால், வீட்டில் எப்படியும் தெரிந்துவிடும். டி.வி-க்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு உட்காரும். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படிக்கக் கண்ணைச் சுருக்கும். 'மிஸ் போர்டுல எழுதுறது தெரியலம்மா' என்று ஒருநாள் வந்து நிற்கும். அடுத்த வாரமே கண்ணாடி வந்துவிடும்.

ஒரு கண் தெளிவாகவும், இன்னொரு கண் மட்டும் மங்கலாகவும் இருந்தால்? அந்தக் குழந்தை எதுவும் சொல்லாது. ஏனென்றால், அதற்குக் குறை இருப்பதே தெரியாது. நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. படிக்கிறது, எழுதுகிறது, மொபைலில் கேம் ஆடுகிறது. கண் பார்ப்பதற்கும் அழகாக இருக்கிறது. மாறுகண்ணோ சிவப்போ இல்லை.

பிறகு எப்போது தெரியவருகிறது? பெரும்பாலும் தற்செயலாகத்தான். நல்ல கண்ணில் தூசி விழுந்து, அதை மூடிக்கொள்ளும் நேரத்தில் தெரியும். அல்லது விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, 'தாத்தா, இந்தக் கண்ணை மூடினா நீங்க மங்கலாத் தெரியுறீங்க' என்று பேரன் சொல்லும்போது தெரியும். இன்னும் சிலருக்கு 20 வயதுக்கு மேல், வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியும். ராணுவம், விமானி, ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். அதுவரை தனக்குக் கண்ணில் குறை இருப்பதே தெரியாமல் வளர்ந்த இளைஞர், அன்று அதிர்ந்து போவார்.

இரு கண்களின் பவர் சமமாக இல்லாத இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'அனைசோமெட்ரோபியா' என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. இது கெடுப்பது ஒரு கண்ணின் பார்வையை மட்டுமல்ல, இரண்டு கண்ணும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையையும் கெடுக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பேனா முனையில் ஒரு சோதனை

அந்த வேலை என்னவென்று புரிந்துகொள்ள இரண்டு பேனாக்கள் போதும். வீட்டில் ஒருவர் ஒரு பேனாவை முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடிக்கட்டும். எதிரில் இருப்பவர் இன்னொரு பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, மேலிருந்து கீழே வேகமாக இறக்கி, முனையோடு முனையைத் தொட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பெரும்பாலும் சரியாகத் தொட்டுவிடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்தால், பேனா முன்னாலோ பின்னாலோ விலகிப் போகும்.

காரணம் எளிது. பெரியவர்களின் இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டும் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து, எது அருகில், எது தூரத்தில் என்று மூளை கணக்குப் போடுகிறது. இதுதான் முப்பரிமாணப் பார்வை அல்லது ஆழ உணர்வு.

இதை முதன்முதலில் தெளிவாக நிரூபித்துக் காட்டியவர் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன். 1838-ல், சற்றே வித்தியாசமான இரண்டு கோட்டுப் படங்களை வரைந்து, கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் மட்டும் தெரியும்படி வைத்தார். தட்டையான கோடுகள், பார்ப்பவர் கண்ணில் திடப்பொருளாக எழுந்து நின்றன. இத்தனைக்கும், புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். சின்ன வயதில் 'வியூ மாஸ்டர்' பொம்மையில் படம் பார்த்தவர்களும், 1984-ல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கத் தியேட்டரில் கண்ணாடி மாட்டிக்கொண்டவர்களும் அனுபவித்தது வீட்ஸ்டோன் காட்டிய அதே வித்தையைத்தான்.

இந்த உணர்வு பிறக்கும்போதே வருவதில்லை. குழந்தைக்கு 3 முதல் 5 மாதங்கள் ஆகும்போதுதான் துளிர்க்கிறது. பிறகு பல ஆண்டுகள் பழகிப் பழகிக் கூர்மையாகிறது. அந்தப் பழக்கத்துக்கு இரண்டு கண்ணும் தெளிவான படத்தை அனுப்ப வேண்டும்.

ஒரு கட்டளை, இரண்டு கண்கள்

கேமராவைப் போலவே நம் கண்ணும் ஃபோகஸ் செய்கிறது. அருகில் பார்க்கும்போது, உள்ளே இருக்கும் லென்ஸ் சற்றே குண்டாகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கண்ணுக்கும் மூளை ஒரே அளவு கட்டளையைத்தான் அனுப்புகிறது. 'வலது கண்ணே, நீ கொஞ்சம். இடது கண்ணே, நீ அதிகம்' என்று தனித்தனியாகச் சொல்ல அதனால் முடிவதில்லை.

ஒரு குழந்தையின் வலது கண்ணுக்கு ப்ளஸ் 1 பவரும், இடது கண்ணுக்கு ப்ளஸ் 4 பவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தையின் லென்ஸ் நன்றாக வளைந்துகொடுக்கும் என்பதால், ப்ளஸ் 1-ஐக் கண்ணாடி இல்லாமலே அது சமாளித்துவிடும். மூளையும் வலது கண்ணுக்குத் தேவையான அளவு மட்டும் கட்டளை கொடுத்து, படம் தெளிந்ததும் நிறுத்திவிடும். இடது கண்ணுக்கு இன்னும் 3 பவர் பாக்கி. தூரத்தில் பார்த்தாலும், அருகில் பார்த்தாலும் அந்த பாக்கி தீராது. ஆக, அந்தக் கண் தன் வாழ்நாளில் ஒரு தெளிவான படத்தைக்கூடப் பார்த்திருக்காது.

மைனஸ் பவரில் கதை கொஞ்சம் வேறு. ஒரு கண்ணுக்குப் பவரே இல்லை, இன்னொன்றுக்கு மைனஸ் 3 என்றால், தூரத்துப் பார்வைக்கு முதல் கண்ணும், புத்தகம் படிக்க இரண்டாவது கண்ணும் உதவும். இரண்டுக்கும் வேலை கிடைக்கிறது. அதனால்தான், கண் டாக்டர்கள் ப்ளஸ் பவரில் 1 அல்லது ஒன்றரை வித்தியாசத்துக்கே உஷாராகிறார்கள். மைனஸில் 2, 3 என்று வித்தியாசம் கூடும்போதுதான் அதே அளவு கவலைப்படுகிறார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே அளவு மங்கலாக இருப்பதைவிட, ஒன்று தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்கும்போதுதான் ஆழ உணர்வு அதிகம் கெடுகிறது. ஒரு கண் முழுத் தெளிவோடு பார்க்கும்போது ஆழ உணர்வும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால், மூளைக்கு வேண்டியது இரண்டு படங்களுக்கும் நடுவே உள்ள பொருத்தம். ஒரு படத்தில் நுணுக்கமான கோடுகளும் இன்னொன்றில் வெறும் நிழலும் இருந்தால், எதை எதோடு பொருத்துவது?

மூளை எடுக்கும் முடிவு

பொருந்தாத இரண்டு படங்கள் தினமும் வந்துகொண்டே இருந்தால், வளரும் மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. மங்கலான படத்தை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில், அந்தக் கண்ணுக்குச் சரியான கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியாது. கண்ணில் நோய் இல்லை, நரம்பும் அறுபடவில்லை. மூளை அந்தக் கண் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். பாவம், சோம்பல் அந்தக் கண்ணுடையது அல்ல. அதற்கு வேலையே கொடுக்கப்படவில்லை.

இதன் பின்னால் இருக்கும் உண்மையை டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் கண்டறிந்தார்கள். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்துப் பிறகு திறந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள செல்களில் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்வதில்லை. இரண்டு கண்ணின் செய்தியையும் சேர்த்து வாங்கும் செல்களும் மிகக் குறைந்துவிடுகின்றன. அதே அளவு காலம் வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால், அப்படி ஆவதில்லை. இளம் வயதில் மட்டும் திறந்திருக்கும் ஒரு ஜன்னல் அது. இந்த ஆய்வுகளுக்காக 1981-ல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

ஆழ உணர்வு குறைந்த குழந்தைகள் இடித்துக்கொண்டு தடுமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், தலையை அசைத்தால் பக்கத்துப் பொருள் வேகமாக நகரும். இப்படி ஒற்றைக் கண்ணுக்கும் கிடைக்கும் துப்புகள் நிறைய உண்டு. அவற்றை வைத்தே ஓடி ஆடி வளர்ந்துவிடுவார்கள். ஆனால், மணி கோர்ப்பது, ஊசியில் நூல் நுழைப்பது, வேகமாக வரும் பந்தைப் பிடிப்பது என்று கைக்கெட்டும் தூரத்து நுணுக்கமான வேலைகளில் சற்றுத் தாமதமும் தவறும் இருக்கலாம். 'எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுடுறே', 'ஒரு கேட்ச் பிடிக்கத் தெரியுதா' என்று திட்டு வாங்கும் குழந்தைகளில் சிலருக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, கண்ணாக இருக்கலாம். எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

பட்டோடி பார்த்த இரண்டு பந்துகள்

பெரியவரானபின் ஒரு கண் மட்டும் கெட்டால் என்ன ஆகும்? இதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற ஓர் உதாரணம் இருக்கிறது. மன்சூர் அலி கான் பட்டோடி.

1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில், கண்ணாடிச் சில்லு ஒன்று அவருடைய வலது கண்ணுக்குள் பாய்ந்தது. அப்போது அவருக்கு 20 வயது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கண்ணின் பார்வை பெருமளவு போய்விட்டது. காண்டாக்ட் லென்ஸ் போட்டால் அந்தக் கண்ணிலும் நன்றாகவே தெரிந்தது. ஆனால், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு கண்ணும் பார்க்கின்றன. மூளையால் அவற்றை ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை.

அந்த ஆண்டே ஹைதராபாத்தில், இந்தியாவுக்கு வந்திருந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக லென்ஸோடு ஆடினார். சில அங்குல இடைவெளியில் இரண்டு பந்துகள் வருவதுபோல் தெரிந்ததாகவும், அவற்றில் உட்புறமாக வந்ததைத் தேர்ந்தெடுத்து அடித்ததாகவும் பின்னாளில் எழுதியிருக்கிறார். தேநீர் இடைவேளையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, கெட்ட கண்ணை மூடிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். பொருந்தாத இரண்டு படங்களைவிட, தெளிவான ஒற்றைப் படம் மேல் என்று அவர் கண்டுகொண்டார். குழந்தையின் மூளை தானாக எடுக்கும் முடிவை அவர் தெரிந்தே எடுத்தார்.

அன்றாட வாழ்க்கைதான் அவரை அதிகம் சோதித்தது. ஜக்கிலிருந்து தண்ணீரை ஊற்றினால் டம்ளரில் விழாமல் மேஜையில் விழும். கைக்கெட்டும் தூரத்தைக் கணிக்கத்தான் ஆழ உணர்வு அதிகம் தேவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். பொறுமையாகப் பழகிப் பழகி, ஒற்றைக் கண்ணின் துப்புகளை வைத்தே அவர் மீண்டு வந்தார். விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் டெஸ்ட் அணியில் இடம்பிடித்தார். 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். அந்தப் போட்டியையும், இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியையும் இந்தியா இங்கேதான் கொண்டாடியது. அடுத்த இரண்டு மாதங்களில், 21 வயதில் இந்திய அணியின் கேப்டன்.

'பட்டோடியே ஒரு கண்ணோடு சமாளித்தாரே, என் பிள்ளை சமாளிக்க மாட்டானா?' என்று விட்டுவிடலாமா? கூடாது. பட்டோடிக்கு 20 வயது வரை இரண்டு கண்ணும் இருந்தன. போனதைத் திரும்பக் கொண்டுவர அன்று வழியில்லை. குழந்தையின் பவர் வித்தியாசத்துக்கோ வழி இருக்கிறது. அதுவும் கண்ணாடிக் கடையிலேயே தொடங்குகிறது.

முதல் மருந்து கண்ணாடி

குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஃபோகஸ் செய்யும் தசையைச் சற்று நேரம் ஓய்வாக வைத்துத்தான் உண்மையான பவரைக் கண்டுபிடிக்க முடியும். பிறகு, இரண்டு கண்ணுக்கும் அதனதன் பவரில் கண்ணாடி. அதை விழித்திருக்கும் நேரம் முழுவதும் போட வேண்டும்.

வெறும் கண்ணாடியே எவ்வளவு செய்யும் என்பதை அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. பவர் வித்தியாசத்தால் சோம்பேறிக் கண் வந்த, 3 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பார்வை கூடியது. நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு, வேறு சிகிச்சையே இல்லாமல் குறை சரியாகிவிட்டது.

அதற்கும் மசியாத கண்ணுக்கு, நல்ல கண்ணை ஒட்டுப்பட்டையால் மூடும் சிகிச்சை. நாள் முழுக்க மூட வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. மிதமான குறைபாட்டுக்கு தினமும் 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாக 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. பட்டையைப் பிய்த்து எறியும் பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைத் தற்காலிகமாக மங்க வைக்கும் முறையும் உண்டு. இரண்டையும் டாக்டர் சொல்லும் அளவில்தான் செய்ய வேண்டும். அளவு மீறினால் நல்ல கண்ணே பின்தங்கிவிடலாம். பார்வை சரியான பிறகும் சிலருக்கு மறுபடி இறங்கும் என்பதால், சொன்ன தேதியில் காட்டுவது முக்கியம்.

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்காக, 'பத்து வயசாயிடுச்சு, இனி ஒண்ணும் ஆகாது' என்று கைவிட வேண்டாம். 7 முதல் 12 வயதுக் குழந்தைகளில் பலருக்கும், அதற்கு மேற்பட்ட பதின்வயதினரில் சிலருக்கும் பார்வை முன்னேறியிருக்கிறது. மாறுகண்ணால் வந்த சோம்பேறிக் கண்ணைவிட, பவர் வித்தியாசத்தால் வந்ததில் ஆழ உணர்வு மிச்சமிருக்கவும் திரும்பவும் வாய்ப்பு அதிகம் என்பது ஆறுதலான செய்தி.

ஒரு லென்ஸ் மெல்லிசாகவும் ஒரு லென்ஸ் தடிமனாகவும் இருப்பதால், வகுப்பில் 'சோடாபுட்டி' என்ற கேலி வரலாம். பெண் குழந்தை என்றால், 'நாளைக்குக் கல்யாணம் பண்ணும்போது...' என்று உறவினர்கள் இழுக்கலாம். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைக்க இவை காரணமாகக் கூடாது. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், வகுப்பிலும் கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும்.

ஒரு கண் மட்டுமே நன்றாக இருக்கும் குழந்தைக்கு, எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேட்டு வாங்குவது நல்லது. கிரிக்கெட் பந்தும் தீபாவளி மத்தாப்பும் அந்த ஒற்றைக் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது.

பெரியவர்களுக்கும் உண்டு

ஆழ உணர்வு நன்றாக இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் பவர் வித்தியாசம் வருவதும் சகஜம். முக்கியமான காரணம் கண்புரை ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர் உள்ள ஒருவருக்கு, முதல் கண்ணில் லென்ஸ் வைத்துப் பவர் ஏறக்குறைய பூஜ்யமாகிறது. அடுத்த கண் இன்னும் மைனஸ் 6. இதைக் கண்ணாடியால் சமன்செய்வது கடினம். மைனஸ் கண்ணாடி உருவத்தைச் சிறிதாகக் காட்டும். ப்ளஸ் கண்ணாடி பெரிதாகக் காட்டும். தோராயமாக, ஒரு பவருக்கு 1 சதவிகிதத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் கூடக் கூட ஒரு கண்ணில் பெரிய படமும் இன்னொன்றில் சிறிய படமும் விழும். தரை சரிவதுபோலவும், படி உயர்ந்து நிற்பதுபோலவும் தோன்றும், தலை வலிக்கும்.

கண்ணில் ஒட்டியே இருப்பதால், காண்டாக்ட் லென்ஸில் இந்த அளவு வித்தியாசம் மிகவும் குறைவு. அதனால், இடைப்பட்ட காலத்துக்கு டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் எப்போது என்பதையும் கேட்டுவிட வேண்டும். 'ஒரு கண்ணு தெரியுதே, போதும்ப்பா' என்று சொல்லும் தாத்தா பாட்டிக்கு எடுத்துச்சொல்ல ஒரு காரணம்: இரண்டாவது கண்ணும் சரியானால் ஆழ உணர்வு கூடும். மாடிப்படியில் கால் வைப்பதும், காபியை ஆற்றுவதும் எளிதாகும்.

வலது, இடது பவர் வித்தியாசமாக உள்ள கண்ணாடி போட்டவர்கள் படி இறங்கும்போது, கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்ப்பது நல்லது. லென்ஸின் ஓரத்தில் பார்த்தால் இரு கண்ணின் படங்களும் மேலும் கீழுமாக விலகும்.

இன்னொரு காரணம், நாமே விரும்பி வாங்கிக்கொள்வது. 40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்பவர்களுக்கு, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைக்கும் 'மோனோவிஷன்' முறை இருக்கிறது. காண்டாக்ட் லென்ஸிலும் செய்யலாம், கண்புரை ஆபரேஷனிலும் செய்யலாம். பலர் இதில் திருப்தியாக இருக்கிறார்கள். ஆனால், நுணுக்கமான ஆழ உணர்வு கொஞ்சம் குறையும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு விநோதமும் இருக்கிறது. ஒரு நூலில் சாவியைக் கட்டி இடமும் வலமுமாக ஆடவிட்டு, ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் கூலிங் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள். நேர்க்கோட்டில் ஆடும் சாவி, நீள்வட்டமாகச் சுற்றுவதுபோல் தெரியும். இருட்டான கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றே தாமதமாகப் போவதால் வரும் மயக்கம் இது. 1922-ல் இதை விளக்கியவர் ஜெர்மனியின் கார்ல் புல்ஃப்ரிச். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லாததால், தான் விளக்கியதைத் தானே பார்க்க முடியவில்லை!

2019-ல் அமெரிக்க, ஸ்பெயின் ஆய்வாளர்கள் சேர்ந்து இன்னொன்றைக் கண்டறிந்தார்கள். ஒரு கண் மங்கலாக இருந்தால், அந்த மங்கலான கண்ணின் செய்தி சில மில்லி விநாடிகள் முந்திப் போகிறது. அதனால், மோனோவிஷன் லென்ஸ் போட்டவருக்குச் சாலையைக் குறுக்கே கடக்கும் சைக்கிளின் தூரம், ஒரு குறுகிய சாலைத் தடத்தின் அகலம் அளவுக்குத் தவறாகத் தெரியக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதிகம் வண்டி ஓட்டுபவர்கள், தையல், நகை வேலை செய்பவர்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், காண்டாக்ட் லென்ஸில் சில நாள் போட்டுப் பார்த்து முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

இன்றே செய்ய வேண்டியது

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். 10 அடி தள்ளி நின்று, முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி (அழுத்தாமல்) தேதியையும் கிழமையையும் படிக்க வேண்டும். பிறகு அடுத்த கண். விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும் சுட்டிகளைக் கவனியுங்கள். எழுத்து தெரியாத குழந்தைக்குப் படங்களைக் காட்டலாம். கைக்குழந்தை என்றால், ஒரு கண்ணை மறைத்தால் சிரித்துக்கொண்டும், மற்றதை மறைத்தால் அழுது கையைத் தட்டிவிட்டும் ஏதாவது வித்தியாசம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இரு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். தெரியாவிட்டாலும், 3 முதல் 5 வயதுக்குள் ஒருமுறையாவது முறையான பரிசோதனை அவசியம். வீட்டுச் சோதனை சிறு வித்தியாசங்களைத் தவறவிடும். பெற்றோரில் ஒருவருக்கோ அண்ணன், அக்காவுக்கோ சோம்பேறிக் கண் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகலாம். அங்கே, ஈயின் பெரிய படம் ஒன்றைக் காட்டி, 'றெக்கையைப் பிடி பார்க்கலாம்' என்பார்கள். விசேஷக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, ஆழ உணர்வு உள்ள குழந்தை படத்துக்கு மேலே காற்றில் றெக்கையைக் கிள்ளும். இல்லாத குழந்தை தாளைத் தொடும்.

பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்ததாகப் பிள்ளை சொன்னால், 'கண்ணாடி போடச் சொன்னாங்களா?' என்பதோடு நிறுத்த வேண்டாம். 'ஒவ்வொரு கண்ணா மூடச் சொல்லிப் பார்த்தாங்களா?' என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், காலண்டருக்கு முன்னால் இன்று மாலையே இரண்டு நிமிடம் நிற்க வைத்துவிடுங்கள்.